ஸ்ப்ரே வேகத்தை ஏத்தினதும் தூசி குறைஞ்சுது, நடு டை செத்துச்சு: ஒரு வேஃபர் கிளீனிங் கேஸ்

## எதைப் பத்தினது

சிங்கப்பூர்ல ஒரு 200 மில்லிமீட்டர் வேஃபர் ஃபேப்ல, அதாவது வட்டமான சிலிக்கான் தகடு (வேஃபர்) மேல சிப் செய்யுற தொழிற்சாலைல, நடந்தது இது. அந்தத் தகடுல வர்ற ஒவ்வொரு சிப்பும் ஒரு டை. கம்பெனி பேரு, மெஷின் மேக், ப்ராடக்ட் எதுவும் சொல்லப் போறதில்ல, ஆளுங்க பேரும் வராது. நான் அப்ப யீல்ட் டீம்ல, அதாவது வேஃபர்ல எவ்ளோ டை நல்லா வருதுன்னு பாக்குற டீம்ல, இருந்தேன், அதனால பிரச்சனை முதல்ல டேட்டாவா கைக்கு வந்ததுல இருந்து மெஷின்ல மாத்தம் பண்ணி முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்து பாத்தேன். வெட் கிளீனிங்ல இருக்குறவங்களுக்கும், ஸ்பின் ஸ்ப்ரே மெஷினை புதுசா எடுத்து ஓட்டப் போறவங்களுக்கும் உதவும்னு தோணுச்சு, அதான் முழுசா எழுதுறேன்.

## பின்னணி

அந்த ஃபேப்ல ஓடுறது பழைய டெக்னாலஜி. அலுமினியம் மெட்டல், லேயரை லேயரோட இணைக்குற டங்ஸ்டன் பிளக், 3.3 வோல்ட் டிரான்சிஸ்டர், பவர் மேனேஜ்மென்ட் மாதிரி சிப்புங்க, அதுல ஒரு பங்கு காருக்குள்ள போறது. பழசா இருந்தாலும் சுத்தம் விஷயத்துல சலுகை கிடையாது.

வேஃபர் கிளீனிங்னாலே எல்லாரும் முதல்ல படிக்கிறது ஆர்சிஏ கிளீன், வெர்னர் கெர்ன் 1965ல ஆர்சிஏ கம்பெனில உருவாக்கி 1970ல வெளியிட்ட முறை. அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தண்ணில கலந்து 70, 80 டிகிரில ஒரு குளியல், அப்புறம் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் பெராக்சைடும் கலந்து இன்னொரு குளியல். மெட்டல் வர்றதுக்கு முந்தின ஸ்டெப்புக்கெல்லாம் இன்னிக்கும் அதோட வாரிசுங்கதான் ஓடுது. ஆனா அலுமினியம் போட்டதுக்கப்புறம் அந்தக் கெமிக்கல்ல வேஃபரை முக்க முடியாது, மெட்டலையே தின்னுடும், அதனால பின்பாதி ஸ்டெப்புகள்ல பெரும்பாலும் தண்ணியோட வேகத்தை நம்பித்தான் தூசிய எடுக்கணும்.

அதுக்குத்தான் இந்த ஸ்பின் ஸ்ப்ரே மெஷின். ஒரு நேரத்துல ஒரு வேஃபரை ஓரத்துல பின் வச்சு பிடிச்சுக்கிட்டு நிமிஷத்துக்கு சில நூறுல இருந்து ஆயிரம் சுத்து வரைக்கும் சுத்தும், மேல ஒரு ஆர்ம் நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் போய் வரும், அந்த ஆர்ம் நுனில நாசில். நாசிலுக்கு ஒரு லைன்ல டிஐ வாட்டர் (அயனெல்லாம் எடுத்த சுத்தத் தண்ணி) வரும், இன்னொரு லைன்ல நைட்ரஜன், ரெண்டும் வாய்கிட்ட மோதி தண்ணி பொடிப்பொடியா உடைஞ்சு சில பத்து மைக்ரான் அளவு துளியா வேஃபர் மேல அடிக்கும். நைட்ரஜன் ஃப்ளோவை ஏத்தினா துளி சின்னதாகும், வேகமும் கூடும். இந்த ஒரு நாப் தான் இந்த கேஸ்ல எல்லாத்துக்கும் ஆரம்பம்.

இவ்ளோ வேகம் எதுக்குன்னா, தூசி சின்னதாக ஆக அதை எடுக்குறது கஷ்டமாகிட்டே போகும். ஒட்டுற விசை தூசியோட விட்டத்துக்கு ஏத்த மாதிரி குறையும், ஆனா ஓடுற தண்ணி அதைத் தள்ளுற விசை விட்டத்தோட ஸ்கொயருக்கு ஏத்த மாதிரி குறையும், அதனால பாதி சைஸ் தூசிக்கு ஒட்டுறது பாதியாகும்போது தள்ளுறது கால்வாசி ஆயிடும். இதுக்கு மேல பரப்பை ஒட்டின மெல்லிசான தண்ணிப் படலம் கிட்டத்தட்ட நகராமலே கிடக்கும், வீட்டு சீலிங் ஃபேன் நாள் பூரா சுத்தினாலும் இறக்கை மேல தூசி அப்படியே படிஞ்சு கிடக்குமே, அதே காரணம்தான். துளியா அடிச்சா அந்தப் படலத்தைக் கிழிச்சுக்கிட்டு தூசி மேலயே போய் மோதும்.

பிரச்சனை வந்த ஸ்டெப் எதுன்னா, முதல் மெட்டல் லேயரை வரைஞ்சு முடிச்சு, அதுக்கு மேல ஆக்சைடு (மின்சாரம் கடத்தாத படலம்) போட்டு, சிஎம்பி (கெமிக்கலோட தேய்ச்சு மட்டமாக்குறது) பண்ணி சமப்படுத்தினதுக்கப்புறம், இந்த மெஷின்ல தண்ணி அடிச்சுக் கழுவுற ஸ்க்ரப். மெட்டல் முழுசா ஆக்சைடுக்கு அடில மூடிக் கிடக்கும். தண்ணி மட்டும்தானே அடிக்கிறோம், அதுவும் ஆக்சைடு மேல, என்ன ஆயிடப் போகுதுன்னு எல்லாரும் நினைக்கிற ஸ்டெப் அது.

## ஸ்ப்ரேயை ஏன் மாத்தினாங்க

சிஎம்பில தேய்க்கிற குழம்பான ஸ்லரியோட மிச்சம் சின்னச் சின்னதா வேஃபர் மேல ஒட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சுது. இன்ஸ்பெக்ஷன் மேப்ல எண்ணிக்கை மெதுவா ஏறிட்டே போச்சு. வெட் பிராசஸ் இன்ஜினியர் ஒரு எக்ஸ்பெரிமென்ட் போட்டு நைட்ரஜன் ஃப்ளோவையும் சுத்துற வேகத்தையும் ஏத்திப் பாத்தார், தூசி நல்லா இறங்குச்சு, ஃபிலிம் திக்னஸ் மாறல, கீறல் எதுவும் இல்ல. சேஞ்ச் ஃபார்ம்ல கெமிக்கல் மாறல, டெம்பரேச்சர் மாறல, மெஷின் பார்ட் மாறலன்னு எழுதி, சின்ன மாத்தம்னு வகைப்படுத்தி அப்ரூவல் வாங்கினாங்க. அன்னிக்கு இருந்த விதிப்படி அவங்க செஞ்சது முழுக்க சரி, யாரும் எதையும் தாண்டிப் போகல. விதிலயே தண்ணி ஸ்ப்ரேக்கு எலக்ட்ரிக்கல் செக் எதுவும் கேக்கல, அதுதான் ஓட்டை.

## முதல்ல கண்ணுல பட்டது

இந்த ஸ்க்ரப்ல இருந்து கடைசி எலக்ட்ரிக்கல் டெஸ்ட் வரைக்கும் ஒரு வேஃபருக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் புது ரெசிபில (மாத்தின மெஷின் செட்டிங்) லாட் லாட்டா, அதாவது ஒண்ணாப் போற வேஃபர் தொகுதியா, போயிட்டே இருந்துச்சு, தூசி மேப் அழகா இருந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஒரு ப்ராடக்ட்ல மட்டும் யீல்ட் இறங்குச்சு. வேஃபர் மேப்பைத் திறந்தா நடுவுல ஒரு கொத்து டை செத்துக் கிடக்குது, ஓரத்துப் பக்கம் நல்லா இருக்கு. ஃபெயில் ஆன டை எல்லாத்துலயும் ஸ்டாண்ட்பை கரண்ட் அதிகம். கரண்ட் கசியுற இடத்துல வர்ற வெளிச்சத்தைக் காட்டுற எமிஷன் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தா கேட் (டிரான்சிஸ்டரை ஆன், ஆஃப் பண்ற முனை) இருக்குற இடத்துல வெளிச்சப் புள்ளி, லேயர் லேயரா உரிச்சுப் பாத்தா அதுக்கு அடில இருக்குற மெல்லிசான கேட் ஆக்சைடுல பொத்தல். அந்த டிரான்சிஸ்டர்ல கேட் ஆக்சைடு 7 நானோமீட்டர். நல்ல ஆக்சைடு சென்டிமீட்டருக்கு சுமார் 10 மெகாவோல்ட் தாங்கும், அந்தக் கணக்குல 7 வோல்ட் பக்கத்துல போனாலே உடையுற இடத்துக்கு வந்துடும். ஆக எங்கயோ ஒரு ஸ்டெப்ல, வேஃபர் நடுவுல மட்டும், தேவையில்லாத வோல்டேஜ் வந்து உக்காந்திருக்கு.

இன்னொரு விஷயமும் அப்பவே தெரிஞ்சுது. அடி வாங்கின டிரான்சிஸ்டர் எல்லாம் ஒரே மாதிரி, நீளமான முதல் மெட்டல் லைனோட சேர்ந்த கேட். அந்த லைனைத் தரைக்கு இறக்கி விடுற பாதுகாப்பு டயோடு ரெண்டாவது மெட்டல் வந்ததுக்கப்புறம்தான் அதோட இணையும், அது வரைக்கும் லைன் அந்தரத்துல நிக்கும். டிசைன் விதில ஆன்டெனா அளவுக்கு, அதாவது கேட்டோட சேர்ந்து சார்ஜ் பிடிக்கிற மெட்டல் அளவுக்கு, ஒரு வரம்பு இருக்கு, இந்த லைனெல்லாம் வரம்புக்குள்ளதான் இருந்துச்சு, ஆனா அந்த வரம்பு பிளாஸ்மாவை (சார்ஜ் ஏறின வாயு) மனசுல வச்சு போட்டது.

## யார் மேல சந்தேகம் போச்சு

நடுவுல டேமேஜ், கேட் ஆக்சைடுன்னதும் எல்லார் விரலும் பிளாஸ்மா மெஷின் பக்கம்தான் போச்சு, எட்சர் (அரிச்சு எடுக்குறது), ஆஷர் (வடிவம் வரையப் பூசின படலத்தை எரிச்சு எடுக்குறது), ஆக்சைடு டெபாசிஷன் (ஆக்சைடு படிய வைக்கிறது). இது இயல்புதான், சார்ஜிங் டேமேஜ்னா பத்துல ஒம்போது தடவை அங்கதான் இருக்கும். எட்ச் டீம் சேம்பர் சேம்பரா பிரிச்சு யீல்ட் பாத்தாங்க, எந்த சேம்பரும் தனியா நிக்கல. டெபாசிஷன்லயும் அதே கதை. லித்தோ டிராக்ல (அந்தப் படலத்தைப் பூசி டெவலப் பண்ற மெஷின்) டெவலப்பர் திரவம் நடுவுல விழுற இடம்னு ஒரு சந்தேகம் வந்துச்சு, அது ரெண்டு நாள்ல அடங்கிடுச்சு.

இந்த நேரத்துல நாங்க செஞ்சதுல உருப்படியான வேலை ஒண்ணுதான். மெஷின் வாரியா தேடுறதை நிறுத்திட்டு தேதி வாரியா தேடினோம். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் அந்த லாட் எந்தத் தேதில போச்சுன்னு எடுத்து, நடு டை யீல்டை அந்தத் தேதிக்கு எதிரா வரைஞ்சு பாத்தா, மத்த ஸ்டெப்புல எல்லாம் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்குது, ஸ்க்ரப் ஸ்டெப்ல மட்டும் கத்தியால வெட்டின மாதிரி ஒரு தேதிக்கு முன்னாடி நல்லது, பின்னாடி கெட்டது. சேஞ்ச் ஃபார்மை எடுத்துப் பாத்தா அதே தேதி.

அப்பவும் மீட்டிங்ல பாதிப் பேர் நம்பல. தண்ணி எப்படி கேட் ஆக்சைடை உடைக்கும்னு கேட்டாங்க, கேள்வி நியாயமானதுதான்.

## பிரிச்சு ஓட்டின லாட்

ஒரே லாட்ல இருந்த வேஃபர்களை மூணாப் பிரிச்சோம். ஒரு பங்குக்கு புது ரெசிபி, ஒரு பங்குக்கு பழைய ரெசிபி, ஒரு பங்குக்கு ஸ்ப்ரேயே இல்லாம சும்மா தண்ணி ஊத்தி அலசல் மட்டும். ஆனா ரிசல்ட்டுக்கு ஒரு மாசம் காத்திருக்க முடியாது, அதனால இன்னொரு வழியும் கூடவே ஓடுச்சு. ஆக்சைடு மட்டும் வளத்த வெறும் மானிட்டர் வேஃபரை அதே மெஷின்ல ஓட்டி, வெளிய வந்த உடனே தொடாம அளக்குற கெல்வின் ப்ரோப்ல பரப்பு வோல்டேஜ் மேப் எடுத்தோம். அந்தக் கருவி டிஃப்யூஷன் டீம்கிட்ட சும்மா கிடந்தது, ஆக்சைடு குவாலிட்டிக்குன்னு வாங்கினது, ஸ்க்ரப் மெஷினுக்கு அதைக் கொண்டு போகணும்னு அது வரைக்கும் யாருக்கும் தோணல.

மேப் வந்ததும் பேச்சு அடங்கிடுச்சு. ஓட்டுறதுக்கு முன்னாடி சமமா இருந்த வேஃபர்ல, புது ரெசிபிக்கு அப்புறம் நடுவுல நெகட்டிவ்வா ஒரு பெரிய குழி, ஓரம் போகப் போக பூஜ்ஜியத்துக்கு ஏறுது. பழைய ரெசிபிலயும் குழி இருக்கு, ஆனா ஆழம் கம்மி. அலசல் மட்டும் போன வேஃபர்ல லேசா ஒரு தடம் இருக்கு, அவ்வளவுதான். யீல்ட் மேப்ல டை செத்த வட்டமும் இந்தக் குழியோட வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா பொருந்துச்சு.

## தண்ணி எப்படி சார்ஜ் ஆகுது

டிஐ வாட்டர் எவ்ளோ சுத்தமோ அவ்ளோ மின்சாரம் கடத்தாது. 25 டிகிரில சுத்தமான தண்ணியோட ரெசிஸ்டிவிட்டி 18.2 மெகாஓம் சென்டிமீட்டர், ஃபேப்ல அந்த எல்லைக்குப் பக்கத்துலயே வச்சிருப்பாங்க, அதைப் பெருமையா மானிட்டர்லயும் காட்டுவாங்க. இந்தத் தண்ணி ஆக்சைடு மேல படும்போது ஆக்சைடு பரப்புல இருக்குற ஹைட்ராக்சில் குரூப்புங்க ஹைட்ரஜன் அயனை விட்டுட்டு நெகட்டிவ்வா நிக்கும், எதிர்ப் பக்கத்து பாசிட்டிவ் சார்ஜ் தண்ணில இருக்கும். தண்ணி சும்மா கிடந்தா ரெண்டும் பக்கத்துலயே இருந்து சமனாயிடும். வேகமா சுத்திப் பிச்சு எறிஞ்சா பாசிட்டிவ் தண்ணியோட வெளிய போயிடும், நெகட்டிவ் ஆக்சைடுல மாட்டிக்கும், திரும்பி வர பாதை கிடையாது, ஏன்னா தண்ணியே கடத்தாது. இதோட துளி உடையும்போதே சார்ஜ் பிரியுது. அருவிகிட்ட காத்துல மின்சாரம் இருக்குறதை ஃபிலிப் லெனார்ட் 1892லயே ஆராய்ஞ்சு எழுதியிருக்கார், நம்ம நாசில்ல நடக்குறதும் அதே வகைதான்.

தண்ணிதானேன்னு அலட்சியமா நினைக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 1969 டிசம்பர் சம்பவம். மார்பெசா, மாக்ட்ரா, கிங் ஹாக்கன் 7ன்னு மூணு பெரிய எண்ணெய்க் கப்பல் ஒரே மாசத்துல டேங்க் கழுவுற நேரத்துல வெடிச்சுது, மார்பெசா முழுகியே போச்சு. வேகமா அடிச்ச தண்ணிச் சாரல்ல உருவான ஸ்டாட்டிக் சார்ஜ்தான் காரணமா இருக்கணும்னு அப்புறம் நடந்த ஆராய்ச்சிங்க சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் டேங்க்ல மந்த வாயு நிரப்பிட்டுக் கழுவுற வழக்கம் பரவலாச்சு. வேஃபர்ல வெடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா உடையுறதுக்கு 7 நானோமீட்டர் ஆக்சைடு இருக்கே.

ஏன் நடுவுல மட்டும்னா, நாசில் ஒவ்வொரு தடவையும் நடுவைத் தாண்டித்தான் போகும், சின்னப் பரப்பு மேல அதிக நேரம் புதுத் தண்ணி விழும், விழுந்தது உடனே வெளிய ஓடிடும். ஓரத்துல ஏற்கெனவே பாதை கடந்து வந்த தண்ணி, பரப்பும் பெருசு, சார்ஜ் பரவிடும். ஆக்சைடு மேல உக்காந்த சார்ஜ் அடில மிதக்குற மெட்டல் லைனை இழுக்கும், லைன் எவ்ளோ பெருசோ அவ்ளோ பங்கு வோல்டேஜ் கேட் மேல விழும். அதான் நீள லைன் இருந்த ப்ராடக்ட் மட்டும் மாட்டுச்சு, மத்த ப்ராடக்ட் எல்லாம் அதே மெஷின்ல அதே ரெசிபில போய் நல்லாவே வந்துச்சு.

## உடனே எடுத்த முடிவுங்க

மேப் பாத்த அன்னிக்கே பழைய ரெசிபிக்குத் திரும்பினோம். தூசி திரும்ப ஏறும்னு தெரியும், ஆனா தூசி இருக்குற டையை டெஸ்ட்ல பிடிக்கலாம், பாதி உடைஞ்ச கேட் ஆக்சைடை எல்லா நேரமும் பிடிக்க முடியாது. தூசிக்கு வேற பக்கத்துல இருந்து மருந்து போட்டோம். சிஎம்பிக்கு அப்புறம் துடைக்கிற பிவிஏ (ஸ்பாஞ்ச் மாதிரி பிளாஸ்டிக்) பிரஷ்ஷை சீக்கிரமே மாத்தச் சொன்னோம், பாத்தா ஆரம்பத்துல தூசி ஏறினதுக்கே முக்கியக் காரணம் வயசான பிரஷ்தான். ஸ்லரி மிச்சம் ஸ்க்ரப்புக்கு வந்து சேர்றதே குறைஞ்சதும் பழைய ரெசிபியே ஓரளவு சமாளிச்சுது. மூலத்தை விட்டுட்டு கடைசி ஸ்டெப்போட வேகத்தை ஏத்துனதுதான் இவ்ளோ தூரம் கொண்டு வந்து விட்டுச்சுன்னு என் எண்ணம், இதை அன்னிக்கு ரிப்போர்ட்லயும் எழுதினேன்.

கஷ்டமான விவாதம் ஏற்கெனவே புது ரெசிபில போன லாட் பத்தி. நடுவுல செத்த டையை எறியுறது சரி, அதுக்குப் பக்கத்துல டெஸ்ட் பாஸ் ஆன டையை என்ன பண்றது? புரொடக்ஷன் பக்கம் கேட்டது, பாஸ்னா பாஸ் தானே, ஏன் வீணாக்கணும்னு. குவாலிட்டி மேனேஜர் அம்மா ஒத்துக்கவே இல்ல. சார்ஜ் குழி படிப்படியாத்தான் ஆழமாகுது, அதனால செத்த டைக்கு அடுத்த வட்டத்துல இருக்குறது அடி வாங்காம தப்பிச்சதில்ல, கொஞ்சம் கம்மியா அடி வாங்கினது, அது ஒருத்தர் கார்ல போயி ரெண்டு வருஷம் கழிச்சு நின்னா யார் பதில் சொல்றதுன்னு கேட்டாங்க. கெல்வின் ப்ரோப் மேப்பை வச்சு ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள இருந்த எல்லா டையையும், பாஸ் ஆனதையும் சேத்து, மேப்ல கெட்டதா குறிச்சாங்க. கார் ப்ராடக்ட் முழுசுக்கும் அதுதான், வட்டத்துக்கு வெளிய இருந்ததுக்கும் கூடுதலா வோல்டேஜ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். கஸ்டமருக்கும் எழுத்துல சொல்லிட்டாங்க. இந்த கேஸ்ல எடுத்த முடிவுகள்லயே எனக்கு ரொம்ப மரியாதை இருக்குறது இதுக்குத்தான்.

## நிரந்தர வழி: எதை எடுத்தோம், எதை விட்டோம்

முதல் யோசனை சேம்பர்ல அயனைசர், அதாவது காத்துல அயனை விட்டு சார்ஜைச் சமனாக்குற கருவி, வைக்கிறது. வச்சா வேஃபர் காய்ஞ்சதுக்கப்புறம் மேல மிச்சம் இருக்குற சார்ஜைக் குறைக்கும், ஆனா டேமேஜ் நடக்குறது தண்ணி அடிக்கும்போதே, அதனால அது மட்டும் போதாது. ரெண்டாவது, பிடிக்கிற பின்னை கார்பன் கலந்த கடத்துற பிளாஸ்டிக்கா மாத்துறது. கேக்க நல்லாருக்கும், ஆனா அது தரைக்கு இறக்குறது அடில இருக்குற சிலிக்கானை, சார்ஜ் உக்காந்திருக்குறது மேல ஆக்சைடுல, நடுவுல இருக்குற ஃபீல்டு அப்படியே நிக்கும்.

மூணாவது, தண்ணியையே கொஞ்சம் கடத்த வைக்கிறது. இதுக்கு ரெண்டு வழி, கொஞ்சூண்டு அமோனியா கலக்கலாம் இல்ல கார்பன் டை ஆக்சைடு கரைக்கலாம். அமோனியா தூசி எடுக்க நல்லது, ஆனா காரத்தன்மை அலுமினியத்துக்கும் டங்ஸ்டனுக்கும் ஆகாது, இதே மெஷின்ல டங்ஸ்டன் பிளக் வெளிய தெரியுற ஸ்டெப்பும் போகுது. கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சா லேசான கார்பானிக் ஆசிட், பிஹெச் 4, 5 பக்கம் இறங்கும், அலுமினியம் லைனுக்கு அது பெரிய தொந்தரவு இல்ல, சொல்லப்போனா அமீன் சால்வென்ட் போட்டு அலசுற இடத்துல காரத்தைச் சமன்படுத்தி அலுமினியத்தைக் காப்பாத்துறதுக்கே இதைப் பயன்படுத்துவாங்க. காப்பர் இல்ல கோபால்ட் ஓட்டுற ஃபேப்னா இதே முடிவை அப்படியே எடுக்கக் கூடாது, அந்த மெட்டலுக்கு ஆசிட் பக்கம் ஆபத்து, அவங்க கணக்கு வேற.

எவ்ளோ கரைக்கணும்? சுத்தத் தண்ணிய திறந்த பீக்கர்ல வச்சா காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சே 1 மெகாஓம் பக்கத்துக்கு இறங்கிடும். நாங்க படிப்படியா இறக்கி மானிட்டர் வேஃபர் மேப் பாத்தோம், 1 மெகாஓமுக்குக் கீழ வந்ததுமே குழி வேகமா ஆழம் குறைஞ்சுது, 0.5க்குக் கீழ போனப்ப அளவிடுற கருவியோட இரைச்சலுக்குள்ள அடங்கிடுச்சு. இன்னும் இறக்கினா லாபம் இல்ல, நஷ்டம் இருக்கு. பிஹெச் இறங்க இறங்க ஆக்சைடும் சிலிக்காத் தூசியும் ஒண்ணை ஒண்ணு தள்ளுறது குறையும், எடுத்த தூசி திரும்ப ஒட்டும், கேஸ் ஜாஸ்தி ஆனா நாசில் வாயில குமிழி வந்து ஸ்ப்ரே திக்கும். அதனால 0.2க்கும் 0.5க்கும் நடுவுல வச்சோம்.

ஃபேப் முழுக்க ஓடுற டிஐ லூப்லயே கலந்துட்டா எல்லா மெஷினுக்கும் ஒரே செலவுல முடியுமேன்னு ஃபெசிலிட்டி பக்கம் ஒரு யோசனை வந்துச்சு. அது கூடாது. குளியல் தொட்டில அலசல் முடிஞ்சுதான்னு தண்ணி ரெசிஸ்டிவிட்டி ஏறுறதை வச்சுத்தான் மெஷின் முடிவு பண்ணும், லூப்ல கேஸ் கலந்தா அந்த அலசல் முடியவே முடியாது. அதனால இந்த மெஷினுக்குப் பின்னாடி மட்டும் ஒரு மெம்ப்ரேன் காண்டாக்டர், ஒரு பக்கம் தண்ணி, மறு பக்கம் கேஸ், நடுவுல தண்ணி ஒட்டாத நுண்குழாய்ங்க, வெளிய வர்ற இடத்துல ரெசிஸ்டிவிட்டி சென்சார், அதை வச்சு கேஸ் வால்வு. கேஸ் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத உயர் தூய்மை ரகம். சிலிண்டர் கீழ் தளத்துல, அங்க கேஸ் அலாரத்தைத் தரைகிட்ட வச்சாங்க, ஏன்னா கார்பன் டை ஆக்சைடு காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும். ஆள் நின்னு வேலை பாக்குற இடம், இதுல சமரசம் கூடாது.

## பொருத்தினதுக்கப்புறம் வந்த ரெண்டாவது பிரச்சனை

மானிட்டர் வேஃபர் எல்லாம் நல்லா வந்துச்சு, ப்ராடக்ட் லாட் போட்டோம், ரெசிபியை புதுசு மாதிரியே வேகமா ஓட்டினோம். டெஸ்ட் ரிசல்ட் வந்தப்ப பெரும்பாலும் நல்லாருந்துச்சு, ஆனா லாட்டுக்கு ஒண்ணு ரெண்டு வேஃபர்ல மட்டும் நடுவுல அதே கொத்து. சில லாட்ல அதுவும் இல்ல.

இதைப் பிடிச்சது நைட் ஷிஃப்ட்ல இருந்த ஈக்விப்மென்ட் டெக்னீஷியன் அண்ணன், தினம் ஜோகூர்ல இருந்து எல்லை தாண்டி பஸ்ல வர்றவர், அந்த மெஷினை அவர் அளவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. "தம்பி, மெஷின் ரொம்ப நேரம் சும்மா நின்னுட்டு ஓடுற லாட்டைப் பாருங்க, அதுல முதல் வேஃபர் எந்த ஸ்லாட்டுன்னு பாருங்க"ன்னார். மெஷின் லாக்கோட சேத்துப் பாத்தா அவர் சொன்னது அப்படியே. நின்னு கிளம்பின மெஷின்ல முதல் வேஃபர் மட்டும் அடி வாங்குது, ரெண்டு சேம்பரும் ஒரே நேரத்துல கிளம்பினா ஆளுக்கு ஒண்ணு.

"சென்சார் எங்கண்ணே இருக்கு"ன்னு கேட்டேன். "பின்னாடி, காண்டாக்டர் பக்கத்துல. அங்கேருந்து நாசிலுக்கு எவ்ளோ டியூப் ஓடுதுன்னு வந்து பாருங்க"ன்னார். போய்ப் பாத்தோம், பல மீட்டர். மெஷின் நின்னதும் கேஸ் வால்வு மூடிக்கும், டியூப்ல தேங்கின தண்ணில இருந்து பிஎஃப்ஏ பிளாஸ்டிக் சுவர் வழியா கேஸ் மெல்ல வெளிய போகும், அப்புறம் தண்ணி ஓட ஆரம்பிச்சதும் கன்ட்ரோலர் கேஸைத் திறந்து சரி பண்றதுக்குள்ள கேஸ் பத்தாத தண்ணி ஒரு தொகுதி கடந்து போயிடும். சென்சார் சீக்கிரமே நல்ல நம்பர் காட்டும், ஆனா நாசில்ல அந்த நேரத்துல வர்றது பழைய தண்ணி, அது காய்ஞ்ச வேஃபர் நடுவுல முழு வேகத்துல போய் அடிக்கும். இதை விட மோசமான தொடக்கம் கிடையாது.

திருத்தம் மூணு இடத்துல செஞ்சோம். சும்மா நிக்கும்போதும் கொஞ்சம் தண்ணி காண்டாக்டர் வழியா ஓடிக்கிட்டே இருக்கும். வேஃபர் வர்றதுக்கு முன்னாடி நாசில் ஓரமா இருக்குற கப்புல டியூப்ல இருக்குற மொத்தத் தண்ணியும் கழிஞ்சு போற அளவுக்கு ஊத்தும். ரெசிபியோட வரிசையையும் மாத்தினோம், முதல்ல மெதுவா சுத்தி, நைட்ரஜன் இல்லாம, நடுவை விட்டுத் தள்ளி தண்ணி ஊத்தி வேஃபர் முழுக்க நனைஞ்சதுக்கப்புறம்தான் ஸ்ப்ரே. முடியும்போது நைட்ரஜனை முதல்ல நிறுத்தி, கேஸ் கரைஞ்ச தண்ணில ஒரு அலசல், அப்புறம் காய வைக்கிறது. ஒரு வேஃபருக்குக் கொஞ்சம் நொடி கூடுச்சு, புரொடக்ஷன் பக்கம் முணுமுணுப்பு வந்துச்சு, ஆனா முதல் வேஃபர் மேப்பைக் காட்டினதும் ஒத்துக்கிட்டாங்க. சென்சாரையும் ஆர்ம் பக்கத்துக்குக் கொண்டு வந்து, நம்பர் எல்லையைத் தாண்டினா ஸ்ப்ரே திறக்கவே முடியாதபடி இன்டர்லாக் போட்டாங்க.

## எப்படி முடிஞ்சுது

அதுக்கப்புறம் ஓடின லாட்கள்ல நடு டை மத்த இடத்தோட ஒண்ணாயிடுச்சு, முதல் வேஃபரும் சேத்து. தூசி எண்ணிக்கை வேகமான ரெசிபில இருந்த அளவுக்கே நின்னுச்சு, பிரஷ் சீக்கிரம் மாத்துறதையும் விடல. கஸ்டமர் கேட்ட ரிலையபிலிட்டி டெஸ்ட் புது லாட்ல பாஸ் ஆச்சு. ஒதுக்கி வச்ச பழைய டையெல்லாம் எறிஞ்சாச்சு, அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

## இப்ப மாறினது, இன்னும் மாற வேண்டியது

சேஞ்ச் ஃபார்ம்ல ஸ்ப்ரே கேஸ் ஃப்ளோ, சுத்துற வேகம், நாசில் வகை, தண்ணி ரெசிஸ்டிவிட்டி இந்த நாலும் சின்ன மாத்தம் லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. இதுல எது மாறினாலும் தூசி மேப்போட பரப்பு வோல்டேஜ் மேப்பும் வைக்கணும், ரெண்டும் ஒரே நாள்ல கிடைக்கிற டேட்டா, ஒரு மாசம் காத்திருக்க வேண்டியதில்ல. மெஷின் சும்மா நின்னு கிளம்பின முதல் வேஃபரையே மானிட்டரா எடுக்கணும், ஓடிச் சூடான மெஷின்ல எடுத்த மேப்பை ஏத்துக்க மாட்டாங்க. எனக்குக் கேட்டா எந்த ஃபேப்ல ஸ்பின் ஸ்ப்ரே மெஷின் வாங்கினாலும் அக்செப்டன்ஸ் டெஸ்ட்லயே இந்த முதல் வேஃபர் மேப்பைக் கேட்டு வாங்கணும், விக்கிறவங்க காட்டுறது பெரும்பாலும் தூசி எடுக்குற திறன் மட்டும்தான்.

டிசைன் பக்கம் பேச்சு இன்னும் முடியல. பாதுகாப்பு டயோடை முதல் மெட்டல்லயே இணைச்சுட்டா இந்த மாதிரி சார்ஜை லைன் தானாவே இறக்கிடும், ஆனா அதுக்கு இடம் வேணும், பழைய மாஸ்க்கை (லேயர் வடிவம் வரையுற அச்சு) மாத்திப் புதுசாப் போடணும். புது ப்ராடக்ட்டுக்கு மட்டும் ஒத்துக்கிட்டிருக்காங்க. பழைய ப்ராடக்ட்டுங்க இன்னும் அதே லைனோட, அந்த ஸ்க்ரப் வழியாத்தான் போயிட்டிருக்கு, அதனால கார்பன் டை ஆக்சைடு யூனிட் சர்வீஸுக்கு நிக்கிற நாள்ல அந்த ப்ராடக்ட்டை மெஷின்ல ஏத்தக் கூடாதுன்னு சிஸ்டத்துலயே பூட்டு போட்டிருக்கு.